ஷோ ட்ரக்குக்கு ஸ்பொன்சர்: எல்லை தாண்டிய கம்பனியா, பக்கத்துக் குறோம் கடையா?

இரண்டு வருடம், சும்மா தந்த சாமானுக்குப் பதிலாக ஒரு அமெரிக்க உதிரிப்பாகக் கம்பனியின் பெயரைக் கதவில் ஒட்டிக்கொண்டு என் பீற்றர்பில்ட் 389 ட்ரக் ஓடியது. போன இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்க அவர்களுக்குச் சம்மதம். நான்தான் வேண்டாம் என்றேன். கனடாவின் பிராம்ப்டனில், ட்ரக் நிறுத்தும் என் யாட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், ட்ரக்குக்குப் பளபளக்கும் சாமான் விற்றுப் பூட்டும் குறோம் கடைக்காரரோடு கதைத்து முடித்துவிட்டு வந்தேன். "சும்மா வருகிற சாமானை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்கப் போகிறாயா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்ன பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். என்னுடையது உழைக்கிற ட்ரக். கிழமை நாட்களில் மிசிசாகாவுக்கும் சிக்காகோவுக்கும் இடையில் லோட் இழுக்கும். கோடையில் சில சனிக்கிழமைகளில் குளித்து முழுகி ஷோவில், அதாவது ட்ரக் கண்காட்சியில், நிற்கும். ஷெல் ரொட்டெல்லா சூப்பர்ரிக்ஸ் போட்டி இப்படி உழைக்கிற ட்ரக்குகளுக்காகவே நடப்பது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் போகலாம். தெரிவாகும் 12 பேரின் ட்ரக்குகள் அவர்களுடைய காலண்டரில் வரும். ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கி, துணியால் துடைத்து நிறுத்தும் ட்ரக்குகள் வேறு சாதி. அந்த ஆட்களுக்கு நான் கீழே எழுதுவதில் பாதி பொருந்தாது.

கையில் காசு இருந்தால் எவரிடமும் போகத் தேவையில்லை, அதில் விவாதமே இல்லை. லோட் கொடுக்கும் கரியர் கம்பனியே பெயின்ற் செலவை ஏற்கும் வழியும் உண்டு. ஒரு நண்பர் அப்படிச் செய்தார். ட்ரக் அவர்களுடைய நிறத்துக்கு மாறியது, ஒரு வருடம் கழித்து அவர் வேறு கரியருக்கு மாற நினைத்தபோது நிறம் காலைக் கட்டியது. நான் அதை முயன்றதில்லை, அதனால் அதோடு விடுகிறேன்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, சாமான் செய்கிற பெரிய கம்பனி. மற்றது, சாமான் விற்றுப் பூட்டித் தருகிற உள்ளூர்க் கடை.

கம்பனி வழி கிடைத்த விதத்தைச் சொல்கிறேன், அது பலருக்கும் உதவும். நான் ஏழெட்டுக் கம்பனிகளுக்கு எழுதினேன். முதல் கடிதங்களில் "என் ட்ரக் வடிவானது, பரிசுகள் எடுத்தது" என்றுதான் இருந்தது, ஒரு பதிலும் வரவில்லை. பிறகு ஒரே பக்கத்தில் மூன்று விஷயங்களை மட்டும் போட்டேன்: கிழமைக்கு எத்தனை கிலோமீற்றர் எந்தப் பாதையில் ஓடுகிறேன், வருகிற வருடம் எந்தெந்த ஷோவில் நிற்பேன், உங்கள் சாமானில் எதைப் பூட்ட நினைக்கிறேன். அதற்கு இரண்டு பதில் வந்தது. உங்கள் அழகைப் பார்த்து அவர்கள் காசு தருவதில்லை. தங்கள் சாமானை எத்தனை கண்கள் பார்க்கும் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. செப்டெம்பர், ஒக்ரோபரில் எழுதினால் நல்லது, அடுத்த வருட விளம்பரச் செலவை அப்போதுதான் பிரிக்கத் தொடங்குவார்கள். மே மாதத்தில் கேட்டால் கையை விரிப்பார்கள்.

கிடைத்தது நல்ல சாமான். இருபது அங்குலக் குறோம் பம்பர், பின்சக்கரங்களுக்குப் பாதி மட்கார்டுகள், கபினின் அடியிலும், அதற்குப் பின்னால் படுக்கும் அறையான ஸ்லீப்பரின் அடியிலும் ஓடும் அம்பர் லைற்றுகள். அவர்களுடைய விலைப்பட்டியலில் 6,000 அமெரிக்க டொலருக்குக் கொஞ்சம் மேலே. இரவில் அந்த லைற்றுகளைப் போட்டு முதல்முறை யாட்டுக்குள் வந்தபோது காவலாளி வெளியே வந்து படம் எடுத்தார். அந்தச் சந்தோசத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பதிலுக்குக் கேட்டவை: இரண்டு கதவிலும் பெயர், வருடத்துக்கு மூன்று ஷோ, மாதாமாதம் படங்கள், அவர்கள் செய்கிற சாமான் வகையில் வேறு கம்பனிச் சாமான் பூட்டக்கூடாது, எல்லாம் "ஷோ தரத்தில்" பேணப்பட வேண்டும். கடைசி இரண்டு வரிகளையும் கையெழுத்துப் போடும்போது சாதாரணமாகத்தான் வாசித்தேன்.

மூன்று ஷோவும் அவர்கள் கடை விரிக்கிற இடங்களில் இருக்கவேண்டும், அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம். அவற்றில் ஒன்று மார்ச்சில் கென்ரக்கியின் லூயிவில்லில் நடக்கும் மிட் அமெரிக்கா ட்ரக்கிங் ஷோ. இன்னொன்று ஜூலையில் அயோவா 80 ட்ரக் ஸ்டொப்பில் நடக்கும் வால்கொட் ஜம்போரி, 1979இலிருந்து நடக்கும் திருவிழா அது. வால்கொட் இங்கிருந்து ஏறக்குறைய 1,100 கிலோமீற்றர். சிக்காகோவுக்கு லோட் ஒன்றோடு போய், இறக்கிவிட்டு, மிச்சத் தூரத்தை வெறும் ட்ரக்கோடு ஓடுவேன். அமெரிக்காவுக்குள் ஓரிடத்தில் ஏற்றி இன்னோர் இடத்தில் இறக்க கனடா டிரைவருக்கு அனுமதி இல்லை. ஆகவே வழியில் சின்ன லோட் ஒன்றைப் பிடித்து டீசல் காசை எடுக்கவும் முடியாது. திரும்பி வர ஒன்ராறியோவுக்கான லோட் அகப்பட்டால் தப்பினேன். ஒரு ஷோவுக்கு ஐந்து நாள் போகும். அந்த நாட்களிலும் ட்ரக் தவணையும் காப்புறுதியும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வரியையும் மறக்கவேண்டாம். சும்மா வந்த சாமான் என்றாலும் எல்லையில் அதன் மதிப்பைக் காட்டவேண்டும். தொழில் செய்கிறவர் விளம்பரத்துக்குப் பதிலாகச் சாமான் வாங்கினால் அது பண்டமாற்று, வருமானவரிக் கணக்கில் வருமானமாகத்தான் சேரும். உங்கள் கணக்காளரிடம் முதலிலேயே கேளுங்கள், நான் பிந்தித்தான் கேட்டேன்.

இவ்வளவையும் தாங்கியிருப்பேன். தாங்க முடியாதது உப்பு.

நவம்பரில் தொடங்கினால் ஏப்ரல் வரை 401 நெடுஞ்சாலை உப்பால் வெள்ளையாகவே கிடக்கும். பனி விழுவதற்கு முன்னமே உப்புத் தண்ணீரை றோட்டில் தெளித்துவிடுகிறார்கள். குறோம் என்பது இரும்பின்மேல் ஏறிய நிக்கலும் அதற்கு மேலே மெல்லிய குறோமும். ஒரு சின்னக் கல் தெறித்து ஊசிமுனை அளவு துளை விழுந்தால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே போய் இரும்பைத் தின்னத் தொடங்கும். அதைவிட மோசம் பம்பரின் பின்பக்கம். அங்கே பூச்சு அவ்வளவு நன்றாக இருக்காது, சேறு அப்பிக்கொண்டு காயாமல் கிடக்கும். முன்பக்கத்தை நான் எத்தனை தரம் கழுவியும், இரண்டாவது வசந்தத்தில் கீழ் விளிம்போரமாக அரிசி அளவில் கொப்புளங்கள் வந்திருந்தன. ஒன்றை நகத்தால் சுரண்டினேன். குறோம் மீன் செதில் மாதிரி உரிந்து கையோடு வந்தது, அடியில் செம்மண் நிறம்.

அலுமினியம் வேறு விதமாகப் பழுதாகும். டீசல் தாங்கியைக் கட்டும் பட்டிக்கு அடியில் இருக்கும் றப்பர் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பட்டியைக் கழற்றினால் வெள்ளைப் பொடி, பொடியைத் தட்டினால் குழி. அந்தக் குழியை எடுக்க 400ஆம் இலக்கத்தில் தொடங்கி 600, 800 என்று உப்புத்தாளால் தேய்க்கவேண்டும், பிறகு பொலிஷ் சக்கரத்தில் மண்ணிறப் பொலிஷ் கட்டி, அதன்பிறகு பச்சைக் கட்டி. கடைசியில் கறுப்பு எண்ணெய்ப் படலம் ஒன்று மிஞ்சும். அதன்மேல் கோதுமை மாவைத் தூவி மெல்லிய துணியால் துடைத்தால்தான் முகம் தெரியும். ஒரு தாங்கிக்கு ஒரு நாள் முழுதாய்ப் போகும். என்னிடம் இரண்டு தாங்கி.

இப்போது அந்த ஒப்பந்த வரிகளைத் திரும்ப வாசியுங்கள். ஷோ தரத்தில் பேணவேண்டும், ஆனால் அந்த வகையில் வேறு கம்பனிச் சாமான் பூட்டக்கூடாது. கொப்புளம் வந்த பம்பரைக் கழற்றிவிட்டு ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பம்பர் ஒன்று போட ஆசைப்பட்டேன். அவர்கள் அதைச் செய்வதில்லை, வேறிடத்தில் வாங்கவும் வழியில்லை. குறோம் உத்தரவாதத்தில் றோட்டு உப்பால் வரும் பழுது சேராது என்று எழுதியிருந்தது. கேட்டபோது பாதி விலைக்கு இன்னொன்று தருவதாகச் சொன்னார்கள், நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெரிய பெட்டியை எல்லை தாண்டிக் கொண்டுவரும் கூலியையும் வரியையும் சேர்த்தால் இங்கே வாங்குவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வந்தாலும் அதே குறோம், அதே 401.

ஆக, கம்பனி ஒருதரம் தந்தது. பேணுகிற செலவு முழுக்க என் தலையில் விழுந்தது, அதுவும் அவர்கள் சொன்ன தரத்தில்.

குறோம் கடைக்காரர் எங்கட ஊர் ஆள், இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் நிற்கிறார். போய்க் கேட்டபோது பம்பரின் பின்பக்கத்தைக் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி, நான் உமக்குச் சாமான் சும்மா தரமாட்டன். வாங்கின விலைக்கு மேல பத்து வீதம் வைப்பன். ஆனா கழட்டிப் பூட்டுற வேலை என்ர பொறுப்பு."

"எத்தனை தரம் அண்ணை?"

"வருசத்துக்கு இரண்டு தரம். ஏப்ரலில கழட்டிக் கழுவி பொலிஷ் பண்ணுவம். நவம்பரில பின்பக்கத்துக்குத் துரு எண்ணெய் அடிச்சுப் பூட்டுவம்."

பதிலுக்கு அவர் கேட்டது கொஞ்சம். ஸ்லீப்பரின் பின்மூலையில் இரண்டு கை அகல ஸ்ரிக்கர், ஜூனில் கடை வாசலில் அவர் வைக்கும் திறந்த நாளுக்கு ட்ரக் நிற்கவேண்டும், பொலிஷ் செய்வதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்க விடவேண்டும். முன்படமும் பின்படமும்தான் தனக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது என்றார். துருப்பிடித்த பம்பர் கம்பனிக்கு வெட்கம், அவருக்கோ அதுதான் விளம்பரம். அவருடைய வியாபாரமும் என் ட்ரக்கின் தேவையும் ஒரே பக்கம் பார்க்கின்றன. அதைக் கண்டபிறகு நான் வேறு கணக்குப் பார்க்கவில்லை.

ஸ்ரெயின்லெஸ் பம்பருக்கு என் கைக்காசு போனது உண்மை. முதல் வருடச் செலவை மட்டும் பார்த்தால் கம்பனி வழிதான் வெல்லும். மூன்றாவது குளிர்காலம் வரை எண்ணிப் பார்த்துத்தான் நான் கடையைத் தெரிந்தெடுத்தேன். ஸ்ரெயின்லெஸ் உப்புக்கு அசையவே அசையாது என்றும் சொல்லமாட்டேன், இந்தக் குளிரில் மண்ணிறக் கறைகள் வந்தன. அவை பொலிஷில் போய்விட்டன, அவ்வளவுதான் எனக்கு இதுவரை தெரிந்தது. ஒரு குளிர்கால அனுபவத்தை வைத்து ஐந்து வருடத்துக்கு உறுதி சொல்ல முடியாது.

யார் கம்பனி வழி போகலாம்? குளிர்காலத்தில் ட்ரக்கைக் கொட்டிலில் நிறுத்துகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ரெக்ஸஸ், அரிசோனாப் பக்கம் மட்டுமே ஓடுகிறவர்களுக்கும் என் புலம்பல் பொருந்தாது. வீடியோ போட்டு நிறையப் பேரைச் சேர்த்து வைத்திருக்கும் இளம் பிள்ளைகளுக்கு என்னைவிட நல்ல ஒப்பந்தம் கிடைக்கும். சாமானுக்குப் பதில் காசாகவே தரும் ஒயில், ரயர் கம்பனிகளோடு எனக்குப் பழக்கம் இல்லை.

போகிறவர்கள் கையெழுத்துப் போட முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உப்பால் பழுதானால் யார் மாற்றுவது? டிசெம்பரிலிருந்து மார்ச் வரை படம் அனுப்புவதிலிருந்து விடுதலை உண்டா? கனடாவில் நிற்கிற ஷோவும் கணக்கில் சேருமா? கதவில் பெரிய ஸ்ரிக்கர் ஒட்டச் சம்மதிக்கவும் வேண்டாம். நான் சூடுகாட்டி உரித்தபோது பசை லேசாக வந்துவிட்டது. ஆனால் இரண்டு கோடை வெயில் படாத அடிப் பெயின்ற் கடும் நீலமாக இருந்தது, சுற்றி வெளிறிப்போயிருந்தது. கம்பனியின் பெயரை இன்னும் சாய்வெளிச்சத்தில் வாசிக்கலாம்.

அந்தக் கதவுகளை மெஷின் பிடித்துப் பார்ப்போம் என்று அண்ணை சொல்லியிருக்கிறார். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை பம்பரையும் இரண்டு தாங்கிகளையும் கழற்ற நாள் குறித்தாயிற்று. காலை ஏழு மணிக்கு வா, மாவு நீ வாங்கிக்கொண்டு வா என்றார்.