பழைய கார் வெச்சிருக்கிறவங்க கவனத்துக்கு: பட்டியும் பேப்பரும் அடைச்சுக் கொடுத்து 1,45,000 ரூபாய் வாங்கிட்டாங்க

பெங்களூர்ல பழைய காருக்கு பாடி வேலை செய்ய ஆள் தேடிட்டிருக்கீங்கன்னா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதை முழுசாப் படிங்க. 1,45,000 ரூபாய். ஒரு லட்சத்து நாற்பத்தஞ்சாயிரம். அந்தப் பணத்துக்கு என் வண்டிக்குள்ள வந்து சேர்ந்தது கசக்கின கன்னடப் பேப்பர், கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலை, அதுக்கு மேல வழிச்சுப் பூசின பட்டி (பள்ளத்தைச் சமமாக்கப் பூசற பசை, புட்டின்னும் சொல்வாங்க). பேர் எழுத வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்கார், அதனால எழுதல. பழைய வண்டிகளைப் புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம்னு போர்டு போட்ட டிங்கரிங் பட்டறை. இன்ஸ்டாகிராம்ல பளபளன்னு வீடியோ போடுவாங்க. எப்படிச் சோதிக்கணும், எப்படிப் பேசணும்னு எல்லாத்தையும் கடைசியில விவரமா எழுதறேன்.

வண்டி 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ரெண்டு கதவு. வேலூர்ல இருந்த எங்க பெரியப்பாவோடது. அம்பாசடர் கல்கத்தா, ஃபியட் பம்பாய், ஹெரால்ட் நம்ம மெட்ராஸ். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஃபேக்டரியில 1961ல ஆரம்பிச்சு பத்து வருஷம் போல செஞ்சாங்க. இங்கிலாந்து டிரையம்ஃப் வண்டிதான், உருவம் வரைஞ்சது இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பானெட்டைப் பின்னாலிருந்து தூக்கினா முன்பக்கம் மொத்தமும் மட்கார்டோட சேர்ந்து எழுந்து நிக்கும், சின்ன வயசுல அதைப் பார்க்கறதுக்குன்னே பெரியப்பா வீட்டுக்குப் போவேன். அவர் போனதுக்கு அப்புறம் மரத்தடியில வருஷக்கணக்கா மழையில நனைஞ்சு கிடந்துச்சு. லாரியில ஏத்தி லிங்கராஜபுரத்துக்குக் கொண்டுவந்து எங்க போர்டிகோவில நிறுத்தினேன்.

மத்த வேலையெல்லாம் நானே செஞ்சேன். ஒவ்வொரு போல்ட்டும் எங்கே இருந்து கழட்டினதுன்னு நோட்டுல படம் போட்டு எழுதி, பாட்டில்ல சீட்டு ஒட்டி வெச்சேன். கதவுக் கீல், பிராக்கெட் மாதிரி சின்னச் சாமான்களுக்கு வாஷிங் சோடா கரைச்ச தண்ணியில பேட்டரி சார்ஜரைக் கொடுத்துத் துரு எடுத்தேன். (இதைச் செய்யறவங்க, பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் தட்டை மாட்டிடாதீங்க. குரோமியம் தண்ணியில இறங்கும், அது விஷம். சாதாரண இரும்புத் துண்டு போதும்.) கிடைக்காத சாமானுக்கு சிவாஜிநகர் குஜரியிலயும் (பழைய சாமான் சந்தை) ஜே.சி. ரோட்டுலயும் அலைஞ்சேன். தகரம் வெட்டி வெல்டிங் வைக்கறது ஒண்ணுதான் வீட்டுல நடக்காது. வாடகை வீடு, பக்கத்து வீட்டு ஜன்னல் கைக்கு எட்டும் தூரம், பொறி பறந்தா யார் பதில் சொல்றது? அதனால அந்த ஒரு வேலையை வெளியில கொடுத்தேன்.

ஹெரால்ட் தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும், இல்லேன்னா அந்தப் பட்டறைக்காரன் செஞ்சது என்னன்னு புரியாது. இப்போ வர்ற கார் மாதிரி பாடியே எலும்பா இருக்கிற வண்டி இல்ல இது. கீழே தனியா சேஸிஸ்னு ஒரு இரும்புச் சட்டம், அதுல இருந்து ரெண்டு பக்கமும் அவுட்ரிகர்னு கைகள் நீண்டிருக்கும், அது மேலதான் பாடி உட்காரும். துரு முதல்ல தின்கிறது அந்த அவுட்ரிகரைத்தான். கதவுக்குக் கீழே தெரியற சில் வெறும் மூடி, போல்ட் போட்டு மாட்டினது. போல்ட்டைக் கழட்டினா அவுட்ரிகர் கண்ணுக்குத் தெரியும். அது போச்சுன்னா பாடி தொங்கும், கதவு சேராது, வண்டி ஓடும்போது என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

அந்த ஆள் வீட்டுக்கே வந்தான். வந்ததும் விலை பேசல. செருப்பைக் கழட்டிட்டு போர்டிகோவில குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சில்லை விரல் கணுவால தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாப் பார்த்தான். "அக்கா, இவ்ளோ வருஷத்துல ஒரு கஸ்டமரும் இப்படி எழுதி வெச்சு நான் பார்த்ததில்ல. இந்த வண்டி மேல பயத்தோடதான் கை வைக்கணும்"னான். தானும் வேலூர்ப் பக்கம்தான், அப்பாவும் டிங்கர்தான்னு சொன்னான். கிளம்பும்போது ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். பெரியப்பா தினமும் காலையில அப்படித்தான் செய்வார். நான் அவனை நம்பினது அந்த நிமிஷத்துலதான். அது அவனுக்கும் தெரிஞ்சிருக்கு.

பேசின பேச்சு இது. ரெண்டு பக்க அவுட்ரிகரையும் 16 கேஜ் (தகரத்தோட கன அளவு, நம்பர் குறைஞ்சா கனம் கூடும்) தகரத்துல பழைய அளவு மாறாமச் செஞ்சு வைக்கணும். ஃப்ளோருக்கு 20 கேஜ். கேஸ் வெல்டிங் வேண்டாம், மெல்லிசுத் தகரம் சூட்டுல நெளிஞ்சுபோகும், சிஓடூ வெல்டிங்தான் (கரண்ட்ல, கார்பன் டைஆக்சைடு வாயுவோட வைக்கறது). துரு இருக்கிற இடத்தை வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் வெட்டணும், மறுபடி துரு பிடிக்காம இருக்க எபாக்ஸி பிரைமர் அடிக்கணும். சேஸிஸ் நம்பர் பக்கம் போகவே கூடாது. ஐம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு 2021ல வந்த விண்டேஜ் பதிவுக்கு சேஸிஸும் பாடியும் அசலா இருக்கணும்னு விதி, நான் அதுக்கும் போகணும்னு இருந்தேன். எல்லாத்துக்கும் தலையாட்டினான். விசிட்டிங் கார்டு பின்னால தானே எழுதியும் கொடுத்தான். அட்வான்ஸ் 85,000. பழசை வெட்டி எடுத்த போட்டோ வந்ததும் 60,000. மொத்தம் 1,45,000. "ஆயுத பூஜைக்கு உங்க வாசல்ல நிறுத்திப் பூசணிக்காய் உடைப்போம்க்கா"ன்னான்.

போட்டோ வந்துச்சு. துருப்பிடிச்ச அவுட்ரிகர்ல சாக்பீஸ்ல கோடு போட்டு ஒரு படம், வெட்டி எடுத்து ஒரு படம், புதுசு வெச்சு சாம்பல் பிரைமர் அடிச்சு ஒரு படம். எங்க வண்டியில இடது பக்கம் பெரியப்பா காலத்துல ஒரு லாரிப் பட்டறையில ஆங்கிள் இரும்பு ஒண்ணு வெல்டு பண்ணியிருந்தாங்க. அது முதல் படத்துலயே இல்லையேன்னு உடனே கேட்டேன். "அது வலது பக்கம் எடுத்ததுக்கா"ன்னு பதில் வந்துச்சு. 60,000 போச்சு. அந்தப் படங்கள் என் வண்டியே இல்ல. யாரோட ஹெரால்டோ.

வண்டி திரும்பி வந்தப்போ அடிப்பக்கம் முழுக்கக் கெட்டியா தார் மாதிரிக் கறுப்புக் கோட்டிங், மேலே பிரைமர், சில் ரெண்டும் வழுவழுன்னு. பார்த்த எல்லாரும் அழகா இருக்குன்னாங்க. போன வாரம் சில் ஓரத்துல பீடிங் (அலங்காரப் பட்டை) கிளிப் மாட்டறதுக்கு டிரில் போட்டேன். இரும்புல டிரில் போட்டா சுருள் சுருளா மினுக்கிக்கிட்டு வரும். வந்தது வெளிர் ரோஸ் கலர்ல மாவு. நிறுத்தாம மாவாவே வந்துச்சு. துணி சுத்தின காந்தத்தை வெச்சேன், ஒட்டல. கொஞ்சம் தள்ளி வெச்சேன், ஒட்டல. கதவுல வெச்சா சட்டுன்னு பிடிச்சுக்குது, சில்லுல முன்னாலிருந்து பின்னால வரைக்கும் வழுக்கிக்கிட்டே போகுது. சில்லைக் கழட்டலாம்னா போல்ட் தலை ஒண்ணும் காணோம், எல்லாம் பட்டிக்குள்ள புதைஞ்சு கிடக்கு. மூடியைக் கழட்டி யாரும் உள்ளே பார்த்துடக் கூடாதுன்னே அப்படிப் பூசியிருக்கான். உளி வெச்சுத் தட்டினேன். என் கட்டை விரல் அகலத்துக்குப் பட்டி பாளமா பெயர்ந்து வந்துச்சு. அதுக்குக் கீழே கம்பி வலை. வலைக்குப் பின்னால ஈரம் கோத்த பேப்பர் உருண்டைகள். ஒண்ணைப் பிரிச்சேன், நகை விளம்பரம், இந்த வருஷத்துப் பேப்பர். அதுக்கும் உள்ளே என் பழைய அவுட்ரிகர், அதே துருவோட. அந்த ஆங்கிள் இரும்பும் அப்படியே இருக்கு. ஸ்க்ரூடிரைவரை வெச்சு அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போச்சு. இந்த வண்டியில என் ரெண்டு பசங்களைப் பின்சீட்ல உட்கார வெச்சு வேலூர் வரைக்கும் போறதா இருந்தேன். நினைச்சா வயிறு எரியுது.

அன்னிக்கே போன் பண்ணினேன். "சைட்ல இருக்கேன்க்கா, சாயந்திரம் கூப்பிடறேன்." கூப்பிடல. மறுநாள் "வெல்டர் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் விசாரிக்கிறேன்". படம் எல்லாத்தையும் அனுப்பினேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. பட்டறைக்கே போனேன். கல்லாவுல இருந்த பையன் "ஓனர் மைசூர் போயிருக்கார்"னான், உள்ளே அவன் குரல் எனக்குக் கேட்குது. வெளியில வந்தவன் என்னைப் பார்க்காம என் தோளுக்கு மேல பார்த்துக்கிட்டே, "பட்டி இல்லாம எந்த பாடி வேலையும் கிடையாது மேடம். உங்களுக்குச் சொன்னாப் புரியாது, வீட்டுல சாரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட பேசிக்கறேன்"னான். அக்கா மேடம் ஆயிட்டேன். எந்த நோட்டைப் பார்த்துத் தலை வணங்கினானோ அதை எழுதினது நான். எங்க வீட்டுக்காரர் ஒரு ஸ்பேனரைக்கூட எடுத்ததில்ல, அவர்கிட்ட என்ன பேசப் போறான்? பில் கேட்டேன். "பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும்னு அப்பவே சொன்னேனே"ன்னான். சொல்லவே இல்ல. பணத்தைத் திருப்பிக் கொடுன்னு கேட்டதுக்கு, "இவ்ளோ பழைய வண்டிக்கு இதுக்கு மேல யாரும் செய்ய மாட்டாங்க, வேணும்னா இன்னொரு நாற்பதாயிரம் கொடுங்க, பிரிச்சு மறுபடி செய்யறேன்"னு சொல்றான். 1,45,000 வாங்கினவன், மேல நாற்பது கேட்கறான்!

பட்டி இல்லாம பாடி வேலை கிடையாதுன்னு இனிமே யாராவது சொன்னா அவங்களுக்கு இதைச் சொல்லுங்க. பட்டி நல்ல இரும்பு மேல, பள்ளம் மேடு சமமாக, ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசறது. அதுக்குத் தாங்குற பலம் கிடையாது. ஈரத்தையும் இழுக்கும். கீழே துரு இருந்தா அது நிக்காது, வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனாலதான் கொஞ்ச நாள்ல பெயிண்ட் கொப்புளிச்சு வெடிக்குது. இந்தப் புண்ணியவான் சேஸிஸ்ல தண்ணி வடியற ஓட்டைகளையும் அந்தக் கறுப்புக் கோட்டிங்ல அடைச்சுட்டான். இந்த வருஷ மழைத் தண்ணி உள்ளேயே நின்னிருக்கு. நான் கொடுத்தப்போ இருந்ததைவிட வண்டி இப்போ மோசம். வெறும் 1,45,000 நஷ்டம் இல்ல இது. எல்லாத்தையும் சுரண்டி எடுக்கறதுக்கே தனியா செலவு.

தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சாச்சு. வக்கீல் நோட்டீஸ் இந்த வாரம் போகுது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயே போடலாம். ரெண்டு தடவையும் யூபிஐல கொடுத்ததால பணம் போன ஆதாரம் இருக்கு. கார்டு பின்னால அவன் எழுதினதும் இருக்கு.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், ஆனா இப்போ அதுக்குப் பொறுமை இல்ல. அவசரத்துக்கு இது மட்டும். வெட்டி எடுத்த பழைய துண்டுகளைக் கட்டாயம் திருப்பிக் கேளுங்க, கொடுக்கலேன்னா வெட்டவே இல்லைன்னு அர்த்தம். போட்டோவுல உங்க வண்டி நம்பர் எழுதின சீட்டு தெரியணும். பிரைமரும் கறுப்புக் கோட்டிங்கும் அடிக்கறதுக்கு முன்னாடி, வெறும் இரும்பா இருக்கும்போது நேர்ல போய்ப் பாருங்க. அதுக்கு ஒத்துக்கலேன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. பில் இல்லாம பத்து பைசா கொடுக்காதீங்க.

இன்னொண்ணு. நேத்து ராத்திரி அந்த ஆளோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ஒரு கிரீம் கலர் ஃபியட் நிக்குது, சில்லுல புதுசாப் பட்டி பூசி எமரித்தாள் போட்டுத் தேய்ச்சுட்டிருக்காங்க. பெங்களூர்ல கிரீம் கலர் ஃபியட்டைப் பாடி வேலைக்கு விட்டிருக்கிறவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா, ஒரு காந்தத்தை எடுத்துக்கிட்டு இன்னிக்கே பட்டறைக்குப் போகச் சொல்லுங்க. மீதிப் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி போகச் சொல்லுங்க.