90 நாளில் ஜெர்மன் என்று விற்கும் பெட்டியை வாங்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் நர்ஸிங் முடித்துவிட்டு ஜெர்மனி போக நினைக்கும் தங்கச்சிகளே, தம்பிகளே, எங்கேயாவது பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். வீட்டிலிருந்தே ஜெர்மன் மொழி படிக்கலாம் என்று விற்ற ஒரு பெட்டிக்கு நான் 32,000 ரூபாய் கட்டி ஏமாந்துவிட்டேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கட்டிய இடத்தின் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். இதே பெட்டியை நாளைக்கு வேறு பெயரிலும் விற்கலாம்.

நான் காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தொட்டியில் ஊற வைக்கிற வேலை. அந்தக் கூலியில் 32,000 ரூபாய் சேர எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். போதாததற்கு அப்பத்தாவின் தண்டட்டியை அடகு வைத்தோம்.

பணம் வாங்கியவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "ஏம்மா, ஷிப்ட் பாக்குற பிள்ளை, கிளாஸுக்கு எப்படி வருவே? இந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போ. நீயே படிச்சுக்கலாம். 90 நாள்ல பி1 முடிஞ்சிரும். பரீட்சை, சர்ட்டிபிகேட் எல்லாம் நம்மளே." மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாகப் பிரிக்கிறார்கள். அதில் பி1 மூன்றாவது படி. என் கஷ்டத்தை அறிந்து பேசுகிறார் என்று நம்பினேன். அன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவர் பி1 வரை வர 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவைப்படும் என்று ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்துத் தேர்வும் நடத்துகிற கோதே இன்ஸ்டிடியூட் சொல்கிறது. குறைந்தபட்சம் 350 என்றே வைத்தாலும் 260 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. 90 நாளில் முடிக்க, ஒரு நாள் விடாமல் தினமும் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். நைட் ட்யூட்டி முடித்து வருகிற யாருக்கு அது முடியும்?

சரி, பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்கிறேன். ஒரு உச்சரிப்புப் புத்தகம், 1,200 சொற்கள் கொண்ட ஒரு நோட்டு, ஒரு வாட்ஸ்அப் குழு. அவ்வளவுதான்.

உச்சரிப்புப் புத்தகத்தில் எல்லாமே தமிழ் எழுத்தில் இருந்தது. அப்பா என்பதற்கு "வாட்டர்" என்று அச்சடித்திருந்தார்கள். அது "ஃபாட்டர்". அந்தச் சொல் ஆங்கில வி போல இருக்கிற எழுத்தில் தொடங்குகிறது, ஜெர்மனில் அந்த எழுத்துக்குப் பெரும்பாலும் ஃப ஒலிதான். ஆங்கில டபிள்யூ போல இருக்கிற எழுத்தைத்தான் வ என்று படிக்க வேண்டும். தண்ணீருக்கு "வஸ்ஸர்" என்பது அப்படி வருவது. அறைக்கு "ஜிம்மர்" என்று போட்டிருந்தார்கள். சரியானது "ட்சிம்மர்". நாளைக்கு ஒரு நோயாளியிடம் அறை எண் கேட்கப்போகிற பிள்ளைக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை இரண்டு மாதம் சத்தம் போட்டு மனப்பாடம் செய்தேன். தப்பாகப் பதிந்த ஒலியை எடுக்க, புதிதாகக் கற்பதைவிட அதிக நாள் ஆகிறது.

அதைவிடப் பெரிய அநியாயம் அந்தச் சொல் நோட்டு. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஒன்று வரும். பொருளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே சாப்பாட்டு மேசையில் கரண்டி டேர், முள்கரண்டி டீ, கத்தி டாஸ். சொல்லோடு சேர்த்தே படித்தாக வேண்டும். 1,200 சொல்லில் ஒன்றுக்குக்கூட அது போடவில்லை. நம் தமிழில் கரண்டி என்பது கரண்டியை என்று மாறுகிறது. வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டுகிறது. ஜெர்மனில் கரண்டி அப்படியே நிற்கும், முன்னால் இருக்கிற டேர்தான் டேன் என்று மாறும். அந்த முன்சொல்லே தெரியாவிட்டால் "கரண்டியை எடுங்கள்" என்று ஒரு வாக்கியம் சரியாக வராது. ஆக அந்த 1,200 சொல்லும் எனக்குப் பாதிதான் கிடைத்தது.

தமிழ் தெரிந்த நமக்கு இந்த மொழி அவ்வளவு அந்நியமும் இல்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். "உடம்பு சரியில்லாததால்" என்று காரணம் சொல்லும்போது அவர்களும் வினையைக் கடைசியில்தான் வைக்கிறார்கள்: "வைல் இஷ் க்ராங்க் பின்". நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் அங்கே உண்டு. டூ என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். நோயாளியைப் போய் டூ என்று கூப்பிட்டால் மரியாதைக் குறைவு. பெட்டியில் இருந்த உரையாடல்கள் எல்லாமே டூவில்தான்.

அப்புறம் சான்றிதழ். வாட்ஸ்அப்பில் 50 கேள்வி அனுப்பினார்கள், டிக் அடித்தேன், மறுநாளே "ஏ1 தேர்ச்சி, 92 சதவீதம்" என்று தங்க நிற முத்திரையோடு வந்துவிட்டது. யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிற, பள்ளியில் எனக்கு சீனியரான அக்காவுக்கு அனுப்பினேன். "இதை எங்கேயும் ஏத்துக்க மாட்டாங்கடி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். உண்மையான ஏ1 தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கும் உண்டு. பேசும் பகுதியில் நாலு பேரோடு உட்கார்ந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், உதவி கேட்க வேண்டும். 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கோதே, டெல்க், ஓஎஸ்டி போன்ற அமைப்புகளின் சான்றிதழைத்தான் தூதரகம் பார்க்கிறது. சென்னையில் கோதே இன்ஸ்டிடியூட் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. நர்ஸாக அங்கீகாரம் பெற பொதுவாக பி2 வரை வேண்டும் என்பதையும் அந்த ஆள் என்னிடம் சொல்லவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். ரசீதில் "படிப்புப் பொருள்" என்று மட்டும்தான் இருந்தது. "பொருளைக் கொடுத்தாச்சே" என்றார்கள். பேனரில் இருந்த வாக்குறுதி எதுவும் ரசீதில் இல்லை. அதனால் வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய விளம்பரம், பேச்சு, அந்தப் போலிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருந்தேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். அடுத்து சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதுகிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்த 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

தனியாகப் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போதும் தனியாகத்தான் படிக்கிறேன், முதலிலிருந்து. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் "நீக்கோஸ் வெக்" இணையப் பாடங்கள் ஏ1 முதல் பி1 வரை இலவசம். காதால் கேட்டுத்தான் உச்சரிப்பைத் திருத்துகிறேன். கோதே இணையதளத்தில் ஏ1 சொற்பட்டியலும் மாதிரித் தேர்வும் இலவசமாகவே இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்து, பழைய நோட்டில் டேர் நீலத்தில், டீ சிவப்பில், டாஸ் பச்சையில் எழுதி வருகிறேன். நேற்று வரை 214 சொல் ஆகியிருக்கிறது.

இதே மஞ்சள் பெட்டியை வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குச் செய்தி அனுப்புங்கள். மனு கொடுக்க அடுத்த திங்கட்கிழமை காலை பஸ்ஸில் சிவகங்கை போகிறேன், சேர்ந்தே போகலாம்.