குழந்தை ஒரு வீட்டிலா, இரண்டு வீட்டிலுமா? கஸ்டடி ஏற்பாடுகள் ஓர் ஒப்பீடு

பிரிவது என்று முடிவானதும் வக்கீலிடம் எல்லோரும் கேட்பது "குழந்தை எனக்குக் கிடைக்குமா?" என்றுதான். கேள்வி புரிகிறது. ஆனால் குழந்தையின் அடுத்த பத்து வருடத்தை முடிவு செய்வது, யாருக்குக் கிடைத்தது என்பதைவிட எந்த மாதிரி ஏற்பாடு எழுதப்பட்டது என்பதே.

முதலில் சட்டம். "அஞ்சு வயசு வரைக்கும் அம்மா, அப்புறம் அப்பா" என்று நம் ஊரில் பலர் அடித்துச் சொல்வார்கள், அது தவறு. இந்துக்களுக்கான 1956-ஆம் வருடச் சட்டம், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். ஐந்து முடிந்ததும் தந்தையிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் காப்பாளராகச் செயல்பட முடியும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890-ஆம் வருடச் சட்டத்தின்படி, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

சரி, ஏற்பாடுகளுக்கு வருவோம். அதிகம் நடப்பது, ஒருவரிடம் கஸ்டடி, மற்றவருக்குப் பார்க்கும் உரிமை. ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம், தினசரி வாழ்க்கை குலையாது. சிக்கல் எல்லாம் அந்தப் 'பார்க்கும் உரிமை'யில்தான் இருக்கிறது. பல வழக்குகளில் இடைக்கால உத்தரவு, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நீதிமன்ற வளாகத்தில் பார்க்கலாம் என்று வரும். சுற்றிலும் இன்னும் நாலைந்து குடும்பங்கள், வாசலில் மறு தரப்பு உட்கார்ந்திருக்கிறது, அப்பா சிப்ஸும் பொம்மையும் வாங்கிவந்து என்ன பேசுவதென்று தெரியாமல் பாடத்தைப் பற்றிக் கேட்கிறார், குழந்தை வாசலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. அந்த அப்பா சமைத்தோ தூங்கியோ கோபப்பட்டோ குழந்தை பார்த்ததே இருக்காது. அடிதடி நடந்த வீடு என்றால், அல்லது குழந்தைக்கு முகமே மறந்துபோயிருந்தால், தொடக்கத்தில் இது தேவை, மறுக்கவில்லை. அது வருடக்கணக்கில் இழுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று ஜாயின்ட் கஸ்டடி, அதாவது குழந்தை இருவர் வீட்டிலும் மாறி மாறி வளர்வது. 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் இதைப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 2013-இல், கர்நாடக உயர் நீதிமன்றம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வழக்கில் ஜனவரி முதல் ஜூன் வரை தந்தையிடம், ஜூலை முதல் டிசம்பர் வரை தாயிடம் என்று உத்தரவிட்டது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அம்மா மதுரையிலும் அப்பா சோழிங்கநல்லூரிலும் இருந்தால் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பது? இரண்டு வீடும் ஒரே பள்ளி வேன் போகிற தூரத்தில் இருக்க வேண்டும், அதோடு நேற்று ராத்திரி காய்ச்சலுக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்று இருவரும் சண்டையில்லாமல் போனில் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள். இல்லையென்றால் நாள்கணக்கில் சரிபாதி என்பது பெரியவர்களின் நியாயம், பிள்ளைக்குச் சுமை.

நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ளது. பள்ளி நாட்களில் ஒரு வீடு. மாதம் இரண்டு வார இறுதிகள் மற்றவர் வீட்டில், ராத்திரி தங்கலோடு. மே மாத விடுமுறையில் பாதி. தினமும் வீடியோ கால். கஸ்டடி கிடைக்காத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது குழந்தையோடு பேச வழி இருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருப்பதால், இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் "மாதம் இருமுறை பார்க்கலாம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், அடுத்த சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு யார் வந்து அழைத்துப்போவது, ஞாயிறு மாலை 6 மணிக்கு எங்கே கொண்டுவந்து விடுவது, தீபாவளி இந்த வருடம் யாரிடம், பொங்கல் யாரிடம், பாஸ்போர்ட் யார் கையில், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அப்புறம் பணம். ஜீவனாம்சம் வரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே பிள்ளையை வைத்து ஆடுகிற பேரம். நீதிபதி முன்னால் இரண்டுமே உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டு அல்ல. மூன்று வயதில் வந்த உத்தரவு ஒன்பது வயதில் பொருந்தவில்லை என்றால், மாற்றக் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். போடும்போது பள்ளி வருகைப் பதிவு, மருத்துவச் சீட்டுகள், பார்க்கப் போய்ப் பார்க்க முடியாமல் திரும்பிய தேதிகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.