ஏற்காட்டு வளைவுகளில் ஒரு பழைய எம்.ஜி.பி.

சேலம் அஸ்தம்பட்டியில் விற்பனைக்கு நிற்கும், புதுப்பிக்கப்பட்ட 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டரை, அதாவது துணிக்கூரை கொண்ட இரண்டு இருக்கை பிரிட்டிஷ் காரை, உரிமையாளரின் அனுமதியுடன் ஏற்காடு வரை ஓட்டிப் பார்த்தேன். இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இம்மாதிரியின் 1798 சி.சி. எஞ்சின், நம் அம்பாசிடரில் பல்லாண்டுகள் உழைத்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் அதே பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பழைய மெக்கானிக்குகளுக்கு இது புதிராக இராது.

20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்டது. ஆனால், முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) இல்லாததால், வண்டி நகரும்போதே அதற்கு மாற்ற முயன்றபோது பற்சக்கரங்கள் நறநறத்தன. பழகாதவர்கள் இரண்டாம் கியரிலேயே ஏறிவிடுவது நல்லது. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. துணிக்கூரையை மாட்டி முடிப்பதற்குள் நனைந்துவிட்டேன், அது வண்டியின் குற்றமன்று.

பெயின்ட்டிலும் குரோமிலும் குறையில்லை. தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாத இவ்வண்டியின் வலிமை பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழுள்ள தகட்டுப் பெட்டிகளில்தான் இருக்கிறது. அங்கே காந்தத்தை வைத்துப் பார்த்தபோது வலப்புறம் ஓரிடத்தில் ஒட்டவேயில்லை, அதாவது துருவை வெட்டியெடுக்காமல் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து தராதவரை, அவர்கள் சொல்லும் விலை அதிகம்.