மேமியோவில் ஒரு நாள்: வாடகைச் சைக்கிளும் அனிசகான் அருவியும்

ரங்கூனில் பிறந்து வளர்ந்து, வேலைக்காகச் சிங்கப்பூர் போய் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்ட நான், 2019 டிசம்பரில் மாந்தலேயில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரு முழு நாளை பர்மாவின் மலை ஊரான மேமியோவில் நடப்பதற்கும் சைக்கிள் மிதிப்பதற்கும் ஒதுக்கினேன். அரசாங்கப் பெயர் பியின் ஊ ல்வின் என்றாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்றும் மேமியோதான். வங்காளக் காலாட்படையைச் சேர்ந்த கர்னல் மே என்பவரின் பெயரோடு, ஊர் என்று பொருள்படும் 'மியோ' சேர்ந்து உண்டான பெயர் அது. மாந்தலேயிலிருந்து 42 மைல். உயரம் ஏறக்குறைய 1,070 மீட்டர். கீழே மின்விசிறி சுற்றும் நாளிலும் மேலே ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

முந்தின நாள் மாலையே பெரியப்பா மகனும் நானும் ஷேர் டாக்ஸியில் ஏறிவிட்டோம். அங்கே உறவினர் வீடு இருந்தது. அண்ணன் அங்கே படுத்துக்கொண்டார். எனக்கு அந்த வசதி இல்லை, ஏனெனில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதற்கென உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க வேண்டும். முதலில் நுழைந்த விடுதியில் பர்மிய மொழியில் பேரம் பேசி முடித்து, சாவி கைக்கு வரும் நேரத்தில் என் கடவுச்சீட்டைப் பார்த்த பெண், அந்த உரிமம் தங்களுக்கு இல்லை என்று மிகுந்த சங்கடத்துடன் சொன்னார். இரண்டாவது விடுதியில் இடம் கிடைத்தது. வெந்நீர் காலையில் மட்டும் வந்தது.

மறுநாள் காலை, மணிக்கூண்டுக்குப் பக்கத்துக் கடையொன்றில் இரண்டு சைக்கிள்களை நாள் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் முன்பணம் வாங்கினார், காற்று அடித்தார், மணியையும் அடித்துக் காட்டினார். பிரேக்கை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பழைய செங்கல் பங்களாக்கள் நிற்கும் தெருக்களில், குதிரை வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டு மிதித்தவரை அந்தக் குறை வெளியே தெரியவில்லை.

அனிசகான் அருவிக்குப் போக மாந்தலே நெடுஞ்சாலையில் ஐந்து மைலுக்குக் குறையாமல் இறங்க வேண்டும். சீன எல்லைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் அப்போது இரவு பகலாக ஓடிய சாலை அது. பர்மாவில் 1970 முதல் வண்டிகள் வலப்பக்கம் ஓடினாலும், ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருப்பதால், முந்த நினைக்கும் ஓட்டுநருக்கு எதிரே வருவது சரியாகத் தெரிவதில்லை. சிங்கப்பூரில் இடப்பக்கம் போய்ப் பழகிய எனக்கோ தலை தவறான பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. அந்த இறக்கத்தில்தான் பின் பிரேக் பிடி விட்டது. முன் பிரேக்கை மெல்ல அழுத்தி, செருப்புக் காலைத் தரையில் தேய்த்தபடி ஓரமாக நின்றேன். இடது செருப்பின் குதிப்பக்கம் பாதி தேய்ந்துவிட்டது. சாலையோரம் தகரக் கொட்டகையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் கம்பியை இழுத்து முடுக்கினார். பிரேக் கட்டை ரப்பர் மிச்சமில்லாமல் தேய்ந்திருந்ததால், டப்பாவைக் கிளறிப் பழைய கட்டை ஒன்றை எடுத்துப் பொருத்தி, 500 கியாட் மட்டும் கேட்டார்.

கிராமத்தில் சைக்கிள்களை நிறுத்திவிட்டு அருவிக்கு நடந்து இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. பாதை செங்குத்து, உருளும் கற்கள் நிறைந்தது. தோளில் தண்ணீர்ப் போத்தல் பையோடு இரண்டு பெண்கள் கூப்பிடாமலே பின்னால் வந்தார்கள். தொந்தரவு என்று முதலில் முகம் சுளித்தேன். ஆனால் எந்தக் கல் ஆடும், எந்த வேரைப் பிடிக்கலாம் என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்லி, என் பாதிச் செருப்பைப் பார்த்துவிட்டு ஒரு மூங்கில் கம்பையும் தேடிக் கொடுத்தது அவர்கள்தான். வழிகாட்டிக் கூலி என்று எதுவும் கேட்கவில்லை, அருவியடியில் தண்ணீரை மட்டும் கடை விலையைப்போல் இரண்டு மடங்குக்கு விற்றார்கள். அன்று நான் செலவழித்ததில் முழு மனதோடு கொடுத்த பணம் அதுவே.

ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. திரும்பும் ஏற்றத்தில் பெரும்பகுதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

மாலையில், 1915இல் தொடங்கப்பட்ட கண்டாஜி தாவரத் தோட்டத்தின் ஏரியைச் சுற்றி நடக்கப் போனோம். உள்ளூர்வாசிக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. "ரங்கூன் புள்ளைக்கு வெள்ளைக்காரன் டிக்கெட்டா தம்பி!" என்று அண்ணன் சிரித்தார். எனக்கு மனத்தாங்கல் இல்லை. புல்வெளியும் கழிப்பறையும் அந்தக் கட்டணத்துக்கு ஏற்ற சுத்தத்தோடு இருந்தன. 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நாடு இருக்கும் நிலையில், போக எண்ணுபவர்கள் கட்டணத்தை அல்ல, சாலை நிலவரத்தையே முதலில் விசாரிக்க வேண்டும்.

இருட்டும் நேரத்தில் சைக்கிள்களைத் திருப்பிக் கொடுத்தபோது பிரேக் கதையைச் சொன்னேன். "இறக்கத்துக்குப் போவதாக நீங்கள் சொல்லவில்லையே" என்றார் கடைக்காரர். முன்பணத்தோடு அந்த 500 கியாட்டையும் சேர்த்து எண்ணிக் கொடுத்துவிட்டு, கட்டைகளைத் தொட்டும் பார்க்காமல் என் சைக்கிளை மறுநாள் வாடகைக்கு நின்ற வரிசையில் முதலாவதாக நிறுத்தினார்.