பதுங்கும் ஏஸைப் பிடிக்க ஈக்விலேப் போதுமா?

போக்கர் சீட்டாட்டத்தில் வெற்றி வாய்ப்பைக் கணக்கிட, போக்கர்ஸ்ட்ராட்டஜி தளம் இலவசமாகத் தரும் விண்டோஸ் மென்பொருள் ஈக்விலேப். நம் கையையும், எதிராளியிடம் இருக்கக்கூடிய கைகளையும், தரையில் திறந்த சீட்டுகளையும் கொடுத்தால் நூற்றுக்கு எத்தனை தடவை ஜெயிப்போம் என்று சொல்லிவிடும். இங்கே அதைச் சோதிப்பது ஒரே ஒரு வகை ஆட்டக்காரருக்கு எதிராக. இரட்டை ஏஸ் வந்தாலும் ரெய்ஸ் செய்யாமல் (பந்தயத்தை உயர்த்தாமல்), பிளைண்ட் எனும் கட்டாயத் தொடக்கத் தொகையை மட்டும் போட்டு உள்ளே வந்து (இதுதான் லிம்ப்), தரையில் நான்காவது சீட்டான டர்ன் வரை செக் (பணம் போடாமல் விடுவது), கால் (எதிராளி போட்ட அளவுக்கு ஈடாகப் போடுவது) என்று பூனை மாதிரி உட்கார்ந்திருப்பாரே, அவர்தான்.

முதல் சிக்கல் ரேஞ்ச், அதாவது எதிராளியிடம் இருக்கக்கூடிய கைகளைக் குறிக்கும் கட்டத்திலேயே தொடங்குகிறது. 13-க்கு 13 என 169 கட்டங்கள். நடுவே மூலைவிட்டமாக ஜோடிகள், ஒரு பக்கம் ஒரே பூவில் (சின்னத்தில்) வரும் கைகள், மறுபக்கம் வேறு பூ. அதோடு இருக்கும் ஸ்லைடரை இழுத்தால் பலமான கையிலிருந்து வரிசையாக நிரப்பிக்கொண்டு வரும். ரெய்ஸ் செய்தவருக்கு அது சரி. லிம்ப் செய்தவருக்கு எல்லோரும் செய்வது என்ன? 30 சதவீதத்துக்கு இழுத்துவிட்டு, "இதெல்லாம் இருந்தா ரெய்ஸ் அடிச்சிருப்பான்" என்று மேலே உள்ள ஏஸ், கிங் ஜோடிகளை அழித்துவிடுவார்கள். பதுங்குபவர் சம்பாதிப்பது அந்த இரண்டு கட்டங்களில்தான். மென்பொருள் எச்சரிக்காது, நாம் சொன்னதைத்தான் அது கணக்குப் போடும். ரேஞ்சைப் பெயரிட்டுச் சேமிக்கும் வசதி உண்டு என்பதால் முதல் வேலையாக இரண்டு ரேஞ்ச் சேமித்துக்கொள்ளுங்கள்: சாதா லிம்ப் ஒன்று, அதே ரேஞ்சோடு ஏஸ் ஜோடி, கிங் ஜோடி சேர்த்த பதுங்கு லிம்ப் இன்னொன்று.

அந்த இரண்டு கட்டங்கள் எவ்வளவு மாற்றிவிடும்? ஒரு கையை முழுதாகப் பார்ப்போம். இருவரிடமும் 70 பிக் பிளைண்ட் (பெரிய பிளைண்ட் தொகை; இனி தொகையெல்லாம் இந்த அலகில்). அவர் லிம்ப், நாம் கிளாவர் கிங், ஆட்டின் குயின் வைத்து 4-க்கு ரெய்ஸ், அவர் கால், மற்றவர்கள் ஃபோல்ட் (கையைப் போட்டுவிடுகிறார்கள்). பாட், அதாவது பிளைண்டுகளும் சேர்த்து நடுவில் சேர்ந்த பணம், 9.5. ஃப்ளாப்பில் (தரையில் திறக்கும் முதல் மூன்று சீட்டுகள்) இஸ்பேட் குயின், ஆட்டின் 8, டைமன் 3. நாம் 6 போடுகிறோம், அவர் கால், பாட் 21.5. டர்னில் கிளாவர் 5. நாம் 14 போட, அவர் மிச்சமிருக்கும் 60-ஐயும் மொத்தமாகத் தள்ளுகிறார். நாம் இன்னும் 46 போட வேண்டும், மொத்தப் பாட் 141.5 ஆகும். அதாவது 32.5 சதவீத வாய்ப்பு இருந்தால் கால் கட்டும்.

சாதா ரேஞ்ச்: 8, 3, 5 ஜோடிகளின் செட் (கையில் ஜோடி, தரையில் அதே எண் ஒன்று) 9 விதம், ஏஸ்-குயின் 8 விதம், குயின்-ஜாக் 8 விதம், ஒரே பூவில் குயின்-10 இரண்டு விதம். ஈக்விலேப் காட்டும் விடை 36.5. கால். இப்போது ஏஸ் ஜோடி (6 விதம்), கிங் ஜோடி (நம்மிடம் ஒரு கிங் இருப்பதால் 3 விதம்) இரண்டையும் அமுக்குங்கள். விடை 29.7. ஃபோல்ட். இரண்டே கட்டத்தில் முடிவு தலைகீழ். டர்னில் மிச்சம் ஒரே சீட்டு என்பதால் இது தோராயமும் இல்லை. ரிவர் எனும் அந்தக் கடைசிச் சீட்டு எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லும் துல்லியக் கணக்கு.

அதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் கற்றதாகும். ஏஸ், கிங் ஜோடிகளை அப்படியே விட்டு, வேறு பூவில் வரும் குயின்-10 ஆறு விதத்தையும் சேர்த்துப் பாருங்கள்: 38.7, திரும்பவும் கால். மாறாக, பெரும்பாலான பதுங்குபவர்கள் டர்னில் குயின்-ஜாக்கை வைத்துத் திருப்பி அடிக்கவே மாட்டார்கள் என்று அந்தக் கையையும் குயின்-10-ஐயும் எடுத்துவிட்டால் விடை 5 சதவீதத்தில் வந்து விழுகிறது. ஆக ஏஸ் ஜோடியைச் சேர்ப்பதைவிட, அவர் சாதாரண கையில் ரெய்ஸ் செய்வாரா என்பதே பெரிய கேள்வி. கட்டத்தை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினால் இது பளிச்சென்று தெரிகிறது. இந்த மென்பொருளின் உண்மையான பயன் இதுதான் என்பேன்.

பதுங்குபவர் எவ்வளவு இழக்கிறார் என்பதையும் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். இரட்டை ஏஸுக்கு எதிரே என்ன கை என்றே தெரியாத ஒருவர் இருந்தால் 85 சதவீதம். இரண்டு பேர் என்றால் 73, மூன்று பேர் 64, நான்கு பேர் 56. லிம்ப் செய்து கூட்டத்தை உள்ளே விட்டதற்கு அவர் கொடுக்கும் விலை இது. ஃப்ளாப்புக்கு முன் இத்தனை பேரை வைத்து ஓட்டினால் மாதிரிக் கணக்குதான் (மான்டி கார்லோ), ஓட்டத்துக்கு ஓட்டம் தசமம் ஆடும். பயப்பட வேண்டாம்.

மென்பொருள் கைவிரிக்கும் இடம் பெட்டிங். அது ஐந்து சீட்டும் இலவசமாகத் திறக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. இரட்டை 5-ஐ இரட்டை ஏஸுக்கு எதிரே போட்டால் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. ஆனால் நாம் அந்தக் கையை ஆடுவது செட்டுக்காக. ஃப்ளாப்பில் செட் விழ 11.8 சதவீதம், அதாவது ஏழரைக்கு ஒன்று எதிர். நாம் 4-க்கு ரெய்ஸ் செய்ய, லிம்ப் செய்தவர் திடீரென்று 14 என்கிறார் என்று வையுங்கள். இன்னும் 10 போட வேண்டும். பாட்டில் 19.5, அவரிடம் மிச்சம் 56, மொத்தம் 75.5. இதுவும் ஏழரை மடங்குதான். செட் விழுந்த ஒவ்வொரு தடவையும் அவர் கடைசிக் காசு வரை கொடுத்து, நம் செட் ஒருமுறைகூடத் தோற்காமல் இருந்தால்தான் அசல் திரும்பும். ஏழரையை யாராவது விலைக்கு வாங்குவார்களா? ஃபோல்ட். இருவரிடமும் 150 இருந்தால் கதை வேறு. இந்தக் கணக்கை ஈக்விலேப் போடாது, தாளில்தான் போட வேண்டும்.

இலவசச் சீட்டும் அப்படியே. அவர் ஃப்ளாப்பில் செக் செய்தால், நடுத்தர ஜோடியோ டிராவோ (சரியான சீட்டு வந்தால் முழுமையாகும் கை) இருக்கும்போது நாமும் செக் செய்து டர்னைப் பார்ப்பது லாபம். அடித்தால் செக்-ரெய்ஸ் (செக் செய்துவிட்டு நம் பந்தயத்தை உயர்த்துவது) வாங்கி டிராவையே கைவிட வேண்டி வரலாம். டாப் பேருக்கு (தரையின் பெரிய சீட்டோடு சேரும் ஜோடி) இரண்டு தெருவில் (பந்தயச் சுற்றில்) பெட் போதும், மூன்றாவது வேண்டாம். ப்ளஃப் அறவே வேண்டாம்.

இன்னொரு குறை: யார் பதுங்குபவர் என்று கண்டுபிடிக்க இதில் வழியே இல்லை. ஏஸ் அல்லது கிங் ஜோடி ஒருவருக்கு வருவதே சராசரியாக 110 கைக்கு ஒரு தடவை. அதில் ஷோடவுன் (கடைசியில் கையைத் திறந்து காட்டுவது) வரை போய் நம் கண்ணில் படுவது இன்னும் குறைவு. எனவே ஒரே ஒரு தடவை பார்த்தாலும் குறித்து வைக்க வேண்டும்: எந்த இடத்திலிருந்து லிம்ப், எந்தத் தெருவில் ரெய்ஸ், தரையில் என்ன. போக்கர்டிராக்கர் 4 என்ற ஆட்டப் பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதில் குறிப்பெழுதும் வசதி உண்டு. மற்றவர்களுக்குப் பாக்கெட் நோட்டு.

தோற்றம் பழைய காலத்து மென்பொருள் மாதிரிதான் இருக்கும். வாய்ப்பை ஊகித்துப் பழகும் டிரெய்னர் பகுதி நன்றாக இருக்கிறது, தினம் பத்து நிமிடம் போதும். ஒரு ரேஞ்ச் ஃப்ளாப்பில் எத்தனை தடவை என்னவாகப் பொருந்துகிறது என்று பிரித்துப் பார்க்க ஃப்ளாப்ஜில்லா என்ற இன்னொரு மென்பொருள்தான் வசதி, ஆனால் அதற்குக் காசு. இந்தியாவில் 2025 ஆகஸ்ட் சட்டத்துக்குப் பிறகு பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டத்துக்குத் தடை; இது வெறும் கணக்குப் பெட்டி, அதில் சிக்கலில்லை. ஆட்டம் முடிந்த பிறகு திறந்து, தோற்ற கையை முதலில் சாதா லிம்ப்பிலும் பிறகு பதுங்கு லிம்ப்பிலும் ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே விடை வந்தால் அடுத்த கைக்குப் போகலாம்.