மின் வட்ட ரம்பத்தில் தூளைப் பிடித்தல்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கையில் பிடித்து அறுக்கும் மின் வட்ட ரம்பம் ஒன்றை மூன்று ஆண்டுகளாக மூடிய பட்டறைக்குள் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலும் 18 மி.மீ. பிளைவுட்டும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும்தான் அறுக்கிறேன். 165 மி.மீ. பிளேடு, நிமிடத்துக்கு 5,000 சுற்று, தூள் வெளியேறப் பின்பக்கம் ஒரு குழாய் வாய் என்று எல்லோருக்கும் பழக்கமான அமைப்புதான். அறுப்பதில் முதல் நாளிலிருந்து குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாக்குவம் கிளீனரை மாட்டிய பிறகும் ஒரு பலகை அறுத்து முடிப்பதற்குள் முன்னங்கையிலும் பாதுகாப்புக் கண்ணாடியிலும் தூள் படிந்துவிடும். இதைச் சரிசெய்ய முதலில் வாக்குவத்தின் சக்தியைக் கூட்டிப் பார்த்தேன். கிடைத்த பலன் சிறிது. ரம்பத்துக்குள் காற்று எங்கே நுழைகிறது, எங்கே தடைபடுகிறது, தூள் எந்த இடுக்கு வழியாகத் தப்புகிறது என்று பார்த்துத் திருத்தத் தொடங்கிய பிறகே உண்மையான மாற்றம் தெரிந்தது.

எவ்வளவு தூளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. பிளேடு 1.8 மி.மீ. அகலத்துக்கு மரத்தைத் தின்கிறது என்றால், 18 மி.மீ. பலகையில் ஒரு மீட்டர் அறுக்கும்போது 32 கன செ.மீ.க்குச் சற்று அதிகமான மரம் தூளாகிறது. பிளைவுட்டின் அடர்த்தியைக் கன செ.மீ.க்கு 0.6 கிராம் என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 19 கிராம். இந்தக் கணக்கு எனக்கு ஓர் அளவுகோலாகவும் அமைந்தது. பத்து மீட்டர் அறுப்பதற்கு முன்னும் பின்னும் வாக்குவத்தின் பையைத் தராசில் வைத்து, 190 கிராமில் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று பார்ப்பேன். தொடக்கத்தில் பாதியை விடச் சற்று அதிகமாகவே வந்தது. இப்போது நேர் அறுப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வருகிறது.

ஆனால் எடையை மட்டும் நம்பக் கூடாது என்பதைத் தாமதமாகவே புரிந்துகொண்டேன். தரையில் விழும் கனத்த தூளைத் துடைப்பத்தால் அள்ளிவிடலாம். நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய மிக நுண்ணிய தூளோ தராசில் ஒரு பொருட்டாகத் தெரியாது; காற்று அசையாத அறையில்கூட அது தரைக்கு இறங்க நெடுநேரம் ஆகும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கிலும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு உறுதியானது. ஐரோப்பிய ஒன்றியம் வன்மரத் தூளுக்கு, எட்டு மணி நேரச் சராசரியாக, காற்றின் ஒரு கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒரு மீட்டர் அறுப்பில் எழும் 19 கிராமில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் மிதந்தாலும் 190 மில்லிகிராம் ஆகிறது. ஏறத்தாழ 95 கன மீட்டர் காற்றை, அதாவது ஒரு பெரிய அறையின் காற்று முழுவதையும், அந்த அளவுக்குக் கொண்டுவர அது போதும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, தரை சுத்தமாக இருக்கிறது என்று நான் திருப்தியடைவதை விட்டுவிட்டேன்.

எனவே தராசோடு டார்ச் விளக்கையும் சோதனைக்குச் சேர்த்துக்கொண்டேன். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, பலமான டார்ச் ஒன்றை ரம்பத்துக்கு அப்பால், ஒளி என்னை நோக்கிக் குறுக்காக வருமாறு நிறுத்தி, அறுத்து முடித்த உடனே அந்த ஒளிக்கற்றையைப் பார்ப்பேன். பட்டறை வெளிச்சத்தில் எதுவும் தெரியாத இடத்தில், ரம்பத்தின் முன்புறப் பிளவிலிருந்து புகைபோல ஒரு சுருள் எழுந்து என் முகத்தை நோக்கி வருவதை முதன்முறை அப்படித்தான் கண்டேன். அன்றுமுதல் எந்தத் திருத்தத்தைச் செய்தாலும், அது பலித்ததா என்று அந்த ஒளிக்கற்றையில் பார்க்காமல் முடிவுசெய்வதில்லை. இருட்டில் ரம்பத்தை ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறுத்து முடித்து, பிளேடு முழுவதும் நின்ற பிறகு விளக்கை அணைத்துப் பார்த்தாலே போதும், தூள் அப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கும்.

தூள் ஏன் இப்படித் தப்புகிறது என்பது பிளேடு சுற்றும் திசையில் இருக்கிறது. கை ரம்பத்தின் பற்கள் பலகையின் அடியிலிருந்து நுழைந்து முன்பக்கமாக மேலே வருகின்றன. 165 மி.மீ. பிளேடு 5,000 சுற்றில் ஓடும்போது பல்லின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 43 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் எறியப்படும் தூள், பிளேடின் மேல்பாதியை மறைக்கும் மேல்மூடியின் உட்சுவரை ஒட்டியே சுற்றிவந்து பின்வாயில் விழ வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. வழியில் உள்ள ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு பங்கு கசிகிறது. பின்வாயில் நுழையாத தூளைப் பல்லிடுக்குகள் மீண்டும் கீழே இழுத்துச் செல்கின்றன.

முதலில் திருத்தியது குழாய் இணைப்பை. என் ரம்பத்தின் வாயும் வாக்குவத்தின் ஹோஸும் அளவில் ஒத்துப்போகவில்லை. கூடவே வந்த அடாப்டர் தளர்வாக இருந்து, அதிர்வில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழன்றுவிடும். பழைய சைக்கிள் டியூபில் நான்கு விரற்கடை நீளம் வெட்டி, அதை ரம்பத்தின் வாய்மேல் இழுத்து மாட்டி, அதன்மேல் ஹோஸின் முனையைத் திருகி நுழைத்தேன். ரப்பர் இறுகப் பிடித்துக்கொள்கிறது, அதிர்வைத் தாங்குகிறது, வேண்டும்போது ஒரு திருகில் கழன்றும் வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை டியூபை மாற்றுவதைத் தவிர இதில் வேறு வேலை இல்லை.

அடுத்து ஹோஸின் உள்விட்டம். 27 மி.மீ. ஹோஸிலிருந்து 36 மி.மீ. ஹோஸுக்கு மாறினேன். விட்டத்தில் வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது, அதே வாக்குவம் அதிகக் காற்றை இழுக்கிறது. ஆனால் பெரிய ஹோஸில் காற்றின் வேகம் குறைந்துவிட்டால் தூள் குழாயிலேயே படியும் என்பதையும் கவனிக்க வேண்டும். மரத்தூள் போன்ற கேடான தூளுக்கென்றே உள்ள ‘எம்’ (M) வகுப்பு வாக்குவங்கள், ஹோஸில் காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குக் கீழே போனால் எச்சரிக்கை ஒலி எழுப்பும், 36 மி.மீ. குழாயில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.2 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். பலமில்லாத வாக்குவம் வைத்திருப்பவருக்கு நீளமான பெரிய ஹோஸைவிடக் குட்டையான நடுத்தர ஹோஸே நன்றாக வேலை செய்யும்.

மூன்று ஆண்டில் அதிகப் பலன் தந்தது இடுக்குகளை அடைத்ததுதான். அதில் ஒரு தவறும் செய்தேன். மேல்மூடியும் அடித்தட்டும் சேரும் இடத்தில் இருந்த நீண்ட பிளவை அலுமினியப் பட்டை நாடா ஒட்டி அடைத்தேன். உடனே கசிவு குறைந்தது. அந்த உற்சாகத்தில், வெட்டுக்கோட்டைப் பார்ப்பதற்காக முன்னால் விடப்பட்டிருந்த பிளவையும் சேர்த்து அடைத்தேன். அதன்பின் நிலைமை மோசமாகிவிட்டது. உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் போனதால் வாக்குவம் முனகியதே தவிர, தூளைச் சுமந்து போகக் காற்றோட்டம் இல்லை; அது பலகையின் அடியில் கொட்டியது. முன்பிளவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்துவிட்டபோது காற்று முன்னிருந்து நுழைந்து, பிளேடு எறியும் திசையிலேயே ஓடிப் பின்வாயில் சேர்ந்தது. பக்கவாட்டில் அடைத்து, முன்னால் திறந்துவைப்பது என்பதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு. ஒரு முக்கியமான எச்சரிக்கை: கீழ்மூடி தானாகத் திறந்து மூடும் பாதையிலோ, மோட்டார் குளிர்வதற்கான துளைகளிலோ எதையும் ஒட்டக் கூடாது. நாடா ஒட்டிய பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்மூடியைக் கையால் முழுக்கத் திறந்து விட்டுப் பார்த்து, அது தடையின்றித் தானே மூடிக்கொள்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உறுதிசெய்துகொள்கிறேன்.

பின்வாயின் வளைவில் அடைப்பு ஏற்படுவது தொடரும் தொல்லை. பிளைவுட்டின் மேல்தகட்டிலிருந்து உரியும் ஒரு நீண்ட சிம்பு அந்த வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டால், அதன் பின்னால் தூள் கெட்டியாக இறுகிவிடும். முன்பிளவிலிருந்து திடீரென்று தூள் பீறிட்டால் அதுதான் அறிகுறி. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஹோஸைக் கழற்றி, ஒரு மரக்குச்சியால் எடுத்துவிடுவேன்.

பிளேடைப் பற்றியும் சொல்ல வேண்டும். 24 பல் பிளேடில் நிமிடத்துக்கு மூன்று மீட்டர் வேகத்தில் தள்ளினால் ஒரு பல் கடிப்பது 0.025 மி.மீ.; 48 பல்லில் அது பாதி. மென்மையான வெட்டுக்காகப் பல்லைக் கூட்டும்போதும், தயங்கித் தயங்கி மெதுவாகத் தள்ளும்போதும் தூள் மாவாகிறது. மழுங்கிய பிளேடு இன்னும் கேடு. கூர்மையான பிளேடும் ஒரே சீரான தள்ளலும் எனக்கு எந்த அடாப்டரையும் விட அதிகமாக உதவின.

பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு கட்டைகளின்மேல் பலகையை வைத்து அறுத்தால் வெட்டின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும், தூளில் ஒரு பங்கு அந்த வழியே கொட்டும். கெட்டியான ஃபோம் பலகை ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் பிளைவுட்டை வைத்து, பிளேடை இரண்டு மூன்று மி.மீ. மட்டும் அதிகமாக இறக்கி அறுக்கத் தொடங்கியபோது அடிப்பக்கத் தூள் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. சாதாரணத் தெர்மாகோல் இதற்கு ஏற்றதல்ல; மணி மணியாக உதிர்ந்து, மின்னூட்டம் ஏறிய ஹோஸில் ஒட்டிக்கொள்ளும்.

வாக்குவத்துக்கு முன்னால், காற்றைச் சுழலவிட்டுத் தூளைப் பிரித்துக் கீழே விழச்செய்யும் சுழல்பிரிப்பான் வைத்த வாளி ஒன்றை இணைத்திருக்கிறேன். ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யும் வேலை, எம்.டி.எஃப். அறுக்கும் நாளில்கூட, வெகுவாகக் குறைந்திருக்கிறது. முதலில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் வாளி, ஹோஸ் அடைத்துக்கொண்ட ஒரு நாள், உறிஞ்சும் அழுத்தம் தாங்காமல் உள்ளே நசுங்கிப்போனது. தடித்த சுவருள்ள வாளியே வேண்டும். பழைய மரம் அறுக்கும்போது ஆணி தட்டிப் பொறி பறந்தால் வேலையை நிறுத்தி, வாளியையும் பையையும் வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறேன். தூளுக்குள் புதைந்த பொறி உடனே தெரியாமல் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கக் கூடியது.

ஹோஸை எப்படிக் கொண்டுபோவது என்பதை நான் அலட்சியம் செய்திருந்தேன். ஒருமுறை அறுப்பின் நடுவில் ஹோஸின் முனை பலகையின் விளிம்பில் மாட்டி, ரம்பம் ஒருபக்கம் சாய்ந்து, பிளேடு வெட்டுக்குள் இறுகி, கருவி என்னை நோக்கிப் பின்னால் உதைத்தது. காயம் படவில்லை, பலகையில் ஓர் ஆழமான வடு மட்டும் இருக்கிறது. இப்போது மின்கம்பியையும் ஹோஸையும் ஒன்றாகக் கட்டி, மேலே ஒரு கொக்கியில் தொங்கவிட்டு, அறுக்கத் தொடங்குமுன் ரம்பத்தை நிறுத்திய நிலையிலேயே வெட்டுக்கோட்டின் முழு நீளத்துக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.

இன்னும் தீராத குறைகள் இரண்டு. சாய்த்து 45 பாகையில் அறுக்கும்போது மூடிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பக்கம் அகலமாகத் திறந்துவிடுகிறது. அதற்கு நான் இதுவரை எந்த வழியும் காணவில்லை. மற்றொன்று, பலகையின் விளிம்பை நான்கைந்து மி.மீ. மட்டும் சீவி எடுப்பது. பிளேடின் ஒரு பக்கத்தில் போதிய மரம் இல்லாததால் தூள் மேலே ஏறாமல் பக்கவாட்டில் பறக்கிறது. அதே கனமுள்ள ஒரு கழிவுப் பலகையை விளிம்போடு ஒட்டிவைத்து அறுத்தால் பெரும்பகுதி அடங்குகிறது. அப்படியும் டார்ச் ஒளியில் மெல்லிய திரை ஒன்று தெரிகிறது. அதனால் நுண்தூள் முகக்கவசத்தை அணிந்தே அறுக்கிறேன், அறுத்து முடித்து அரை மணி நேரம் கழித்தே அதைக் கழற்றுகிறேன்.